இரண்டுமே இரட்டைப்படை

வேலூரில் என் கணித ஆய்வேட்டைக் கணினியில் அடித்துத் தந்த பெண்மணி, ஒவ்வொரு வரியையும் முணுமுணுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடிப்பார். மூக்கு நுனியில் கண்ணாடி தொங்கும்.

ஒன்றின் படிமூலங்களில் வரும் பன்மடக்கை என்னும் சிக்கலான கூட்டல் தொடர்களை ஆழம் குறைந்த, எளிய தொடர்களாக மாற்றுவது என் ஆய்வு. ஒவ்வொரு தொடருக்கும் எடை, ஆழம் என்று இரண்டு எண்கள் உண்டு; அவற்றில் ஒன்று ஒற்றைப்படையாகவும் மற்றது இரட்டைப்படையாகவும் இருந்தால்தான் என் நிரூபணம் செல்லும்.

அந்த எண்களைப் பட்டியலிட்ட அட்டவணையை அடிக்கையில் நடுவில் நிறுத்தினார்.

“எல்லா வரியிலயும் ஒண்ணு ஒத்தப்படை, ஒண்ணு ரெட்டைப்படை. இதுல மட்டும் ரெண்டுமே ரெட்டைப்படையா இருக்குது. இன்னா சார், சரிதானா?”

கணக்கைச் சரிபார்த்தேன். மறுநாள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். அந்த வரி தவறு. அதை நீக்கினேன், மற்றவை நின்றன.

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் போட அவர் பெயரைக் கேட்டேன்.

“நன்றிப் பக்கம் அப்பவே பிரிண்ட் ஆய்டுச்சு சார், விடுங்க.”

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் அந்த அட்டவணையைத்தான் வரிவரியாகத் துருவினார்கள். ஒன்றும் சிக்கவில்லை. அந்தப் பெண்மணியின் பெயர் இன்றும் எனக்குத் தெரியாது.