சுட மாட்டேன் என்றவர்களும் என் சோதனை ரிப்போர்ட்டும்

வீட்டில் குறை சொன்னால் திட்டு விழும். அதையே தொழிலாக வைத்துக்கொண்டால் மாதச் சம்பளம் வரும். நான் கம்ப்யூட்டர் விளையாட்டுகளைச் சோதித்துப் பார்ப்பவள். யாரோ கஷ்டப்பட்டுச் செய்த விளையாட்டை வாங்கி, சுவரில் முட்டி, பள்ளத்தில் குதித்து, அமுக்கக் கூடாத பட்டனையெல்லாம் அமுக்கி, எங்கே உடைகிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். நீங்களும் பக்கம் பக்கமாகக் குறை எழுதி, அதை ஒருவரும் படிக்காமல் விட்டு, கடைசியில் ‘ஏன் முன்னாடியே சொல்லலை?’ என்று கேட்கப்பட்டவராக இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே ஜாதி.

எங்கள் கம்பெனியில் மொத்தம் மூன்று பேர். விளையாட்டை எழுதுகிற சிவக்குமார் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறார். படம் வரைகிறவர் கோயம்புத்தூரில். நான் மூணாறு மலையில், தேவிகுளத்தில். நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு துப்பாக்கி விளையாட்டு. திரையில் உங்கள் இரண்டு கையும் துப்பாக்கி முனையும் மட்டும் தெரியும். அந்த ஆளே நீங்கள்தான். ஆனால் எங்கள் துப்பாக்கியில் தோட்டா கிடையாது. பன்றி விரட்ட விவசாயிகள் வைத்திருக்கிற பிளாஸ்டிக் குழாய் மாதிரி அது சத்தம் மட்டும்தான் போடும். விடியற்காலைப் பனியில் நீங்கள் ஒரு கேரட் தோட்டத்துக்குக் காவல் நிற்க வேண்டும். யானை வரும். சத்தம் போட்டு விரட்டலாம். அளவு மீறினால் மிரண்டு உங்களை நோக்கி ஓடி வரும். யாரும் யாரையும் கொல்ல முடியாது. விளையாட்டின் பெயர் ‘டமார்’.

இதை வெளியிட வேண்டிய ரமணி சார் சென்னையில் இருக்கிறார். அவருக்குச் சந்தேகம். துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிட்டுக் கொல்லாதே என்றால் யார் விளையாடுவார்கள்? விளையாட்டுப் பழக்கமே இல்லாத ஐந்து பேரை உட்கார வைத்து, கடைசிக் கட்டம்வரை அவர்கள் போகிறார்களா என்று ரிப்போர்ட் கேட்டார். போனால் சரி. போகாவிட்டால் நிஜத் தோட்டா போட்டு மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தம் கிடையாது. தோட்டா போட சிவக்குமார் சம்மதிக்க மாட்டார். ஆகவே கம்பெனியை மூடிவிட்டு நான் பழையபடி கொச்சியில் வேலை தேடி ஹாஸ்டலுக்குப் போக வேண்டியதுதான். அப்பா தேயிலை எஸ்டேட்டில் ஓய்வு பெற்று, தொழிலாளர்களுக்குக் கொடுக்கிற லயன் வீட்டைக் காலி செய்த பிறகு, தேவிகுளத்தில் நான் பிடித்த வாடகை வீட்டில்தான் அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் இருக்கிறோம். அம்மா அப்பாவை மறுபடியும் விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை.

தோட்டம் பார்க்க வந்தவர்

முதல் ஆள் வட்டவடைப் பெருமாள் அண்ணன். கேரட்டும் வெள்ளைப்பூண்டும் போடுகிறவர், அப்பாவுக்குப் பழக்கம். மூணாறுக்குச் சரக்கு ஏற்றிவிட்டு வந்தவரைப் பிடித்து உட்கார வைத்தேன். கன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிரசாதம் மாதிரி வாங்கிக்கொண்டார். திரையில் பனி விலகி கேரட் தோட்டம் தெரிந்ததும் அப்படியே முன்னால் குனிந்துவிட்டார். யானை இடது பக்கம் வந்து, துதிக்கையை நீட்டி, ஒரு பாத்தியையே காலி செய்துகொண்டிருந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் ஒரு பட்டனையும் தொடாததால் கொஞ்ச நேரத்தில் ஆட்டம் தானாக முடிந்து, ‘தோல்வி’ என்று வந்துவிட்டது. ரிப்போர்ட்டில் பலம், பலவீனம் என்று இரண்டு கட்டம் போட்டு வைத்திருந்தேன். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பனி அச்சு அசலா இருக்கு பாப்பா, எனக்கே குளிருது. வெள்ளாமைதான் தப்பு. கேரட்டை இப்படி நெருக்கி விட்டா கிழங்கு எங்கிட்டு இறங்கும்? ஆனை புடுங்குறது இருக்கட்டும், மொதல்ல நான் பாதியைக் களைச்சு விடணும்.”

மடியில் ஒரு பிளாஸ்டிக் பை

இரண்டாவது, எங்கள் பழைய லயனில் பக்கத்து வீட்டுச் செல்வராணி அக்கா. தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற வேலை. வாரத்தில் ஒருநாள்தான் ஓய்வு, அந்த ஒருநாளை எனக்காகக் கொடுத்தார். இந்த வகை விளையாட்டின் பெரிய பலவீனம் என்னவென்றால், பழக்கமில்லாதவர்களுக்குத் தலை சுற்றும். நாம் அசையாமல் உட்கார்ந்திருக்க, கண் மட்டும் ஓடும். அக்கா இரண்டு முறை திரும்பியதுமே முகம் வெளுத்துவிட்டது. ‘நிறுத்தலாம் அக்கா’ என்றேன். கேட்கவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்புகிற மாதிரி ஒரு எலுமிச்சம்பழத்தைக் கீறி முகர்ந்துகொண்டு, மடியில் பிளாஸ்டிக் பையை விரித்து வைத்துக்கொண்டு, மறுபடியும் கன்ட்ரோலரைப் பிடித்தார்.

ஒரே ஒரு தடவை கை தவறி பட்டன் அமுங்கி ‘டமார்’ என்றது. யானை காதை விரித்தது. அக்கா பதறி, திரையைப் பார்த்து, ‘தெரியாம பட்டுருச்சு சாமி, நீ போ சாமி’ என்று கும்பிட்டார். கும்பிடுவதற்குக் கன்ட்ரோலரைக் கீழே வைத்தவர் திரும்ப எடுக்கவே இல்லை. ஆட்டம் முடிந்து, முகம் கழுவி, பால் இல்லாத கட்டஞ்சாயா குடித்து, நிதானத்துக்கு வந்த பிறகு எனக்குத் தீர்ப்பு கிடைத்தது: “போடிமெட்டு வளைவு அத்தனையும் முன்சீட்டுல உக்காந்து வந்தவ நான், ஒரு நாளும் வாந்தி எடுத்தது இல்ல. உன் துப்பாக்கி ரெண்டே திருப்புல கவுத்துருச்சு பிள்ளே. அப்புறம் அந்தக் கை யாரோட கை? தோட்டத்துல வேலை செய்ற கை இம்புட்டு வெள்ளையாவா இருக்கும்?”

ஜீப்பை ஆஃப் செய்யச் சொன்னவர்

முருகையா அண்ணன் வட்டவடைக்கும் மூணாறுக்கும் ஜீப் ஓட்டுகிறவர். இவர் மேல்தான் எனக்கு முழு நம்பிக்கை. கை, கண் இரண்டும் வேகம், பதற்றமே கிடையாது. உண்மையிலேயே அழகாக விளையாடினார். முதல் இரண்டு கட்டத்தில் யானை இருந்த பக்கமே போகாமல், பன்றிகளை மட்டும் சத்தம் போட்டுத் துரத்தினார். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். மூன்றாம் கட்டத்தில் ஜீப்பில் போக வேண்டும், பாதையில் யானை குறுக்கே வந்து நின்றது.

அண்ணன் கன்ட்ரோலரை மெதுவாக மடியில் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டார். என்னிடம் ரகசியம் பேசுகிற மாதிரி, ‘ஜீப்பு லைட்டை அணை, எஞ்சினை ஆஃப் பண்ணு’ என்றார். அதற்கெல்லாம் பட்டன் இல்லை என்றேன், நானும் ஏனோ அதே மாதிரி தாழ்ந்த குரலில். அவருக்கு ஆச்சரியம். சரி என்று அப்படியே உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். இந்த மலையில் பிறந்த யாரும் யானை நின்றால் இதைத்தானே செய்வோம்? விளக்கை அணைத்துவிட்டு, அதுவாகப் போகிறவரை சும்மா இருப்போம். மூன்றாவது நிமிடம் திரையில் எழுத்து வந்தது: ‘நீங்கள் இருக்கிறீர்களா?’ அடுத்த நொடி, ‘தோல்வி.’

மூன்று நிமிடம் பட்டன் எதுவும் அமுக்காவிட்டால் ஆள் எழுந்து போய்விட்டதாக எங்கள் விளையாட்டு எடுத்துக்கொள்ளும். அண்ணனை இதற்கு முன்னால் நான் கோபமாகப் பார்த்ததில்லை. எழுந்து நின்றுவிட்டார்: “இருக்கியான்னு கேக்குது! எங்க போவேன்? முன்னாடி ஆனை நிக்கும்போது எவன் எந்திரிச்சுப் போவான்? போன வாரம் ஒண்ணரை மணிக்கூர் வண்டில சும்மா இருந்தேன், உள்ள பத்துப் பேரு, ஒரு குழந்தைகூட மூச்சு விடல. அதுக்குப் பேரு தோல்வியா?”

அம்மாவின் ஆட்டம்

நான்காவது ஆள் ஒரு தங்கும் விடுதிச் சமையற்காரர். அவரும் யானை வந்ததும் கையைக் கட்டிக்கொண்டார், அவ்வளவுதான். அதைத் தனியாக எழுத ஒன்றுமில்லை. ஐந்தாவது ஆளாக வேறு யாரும் கிடைக்காமல் அம்மாவை உட்கார வைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. ஐந்து பேரும் முடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பது அம்மாவுக்குத் தெரியும். நானும் சிவக்குமாரும் போனில் பேசியதை அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறார்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சிலுவை போட்டுவிட்டு, ஆரம்பித்தார். யானை வருவதற்கு முன்பே சுட்டார். வந்த பிறகும் சுட்டார். போகத் திரும்பிய யானையையும் விடவில்லை. டமார், டமார், டமார். அப்பா வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். யானை மிரண்டு திரை நிறைய ஓடி வர, அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு அப்போதும் பட்டனை விடவில்லை. ஆட்டம் முடிந்தது. மறுபடியும் போடு என்றார். ஆறு தடவை அப்படியே முடிந்தது. ஏழாவது தடவை நான் கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டேன். அம்மாவின் கண் கலங்கியிருந்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி சொன்னார்: “உன்னை மறுபடியும் கொச்சிக்கு அனுப்பக் கூடாதுன்னுதாண்டி சுட்டேன். இல்லாட்டி ஆனைக்கிட்ட நான் போயி வம்பு பண்ணுவேனா?”

பொய் எழுதலாமா என்று கேட்டேன்

ஐந்து பேர். கடைசிக் கட்டத்தை ஒருவரும் பார்க்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கெட்ட புத்தி வந்தது. டமாரின் எல்லாக் கட்டத்தையும் நான் கண்ணை மூடிக்கொண்டு முடிப்பேன். ஐந்து பெயரிலும் நானே ஆடி, பதிவு செய்து அனுப்பிவிட்டால் சென்னையில் யாருக்குத் தெரியப்போகிறது? எட்டு வருஷம் பிழை பிழையாக எழுதிய கை, ‘குறை ஒன்றும் இல்லை’ என்று எழுதத் துடித்தது.

சிவக்குமாரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முருகையா அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அவர் ஊர்ப்பக்கம் நெல்வயல். யானை முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பது ஒரு காரியம் என்றே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. ‘சும்மா இருந்தா யானை போயிருமுங்களா, நெசமாவா?’ என்று மூன்று தடவை கேட்டார். சத்தமும் வெளிச்சமும் இல்லாவிட்டால் பெரும்பாலும் தானாகப் போய்விடும், ஆனால் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, அதுதான் பயம் என்றேன். அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் கேட்க ஆரம்பித்தது. பொய் எழுதுகிற யோசனைக்குப் பதில் கடைசியில்தான் வந்தது: “ஏனுங்க ஜான்சி, நீங்க பொய் எழுதிப்போட்டு அவரும் நம்பிட்டாருன்னா, பொறவு அந்தப் பொய்க்குத் தக்கன நான்தானுங்களே ஆட்டத்தை மாத்தோணும்? உள்ளதை எழுதுங்க. சும்மா இருக்கறதுக்கு நான் ஒரு வழி பண்ணிப்போடறனுங்க.”

சென்னையிலிருந்து போன்

உள்ளதை எழுதினேன். எட்டுப் பக்கம். தலை சுற்றல், வெள்ளைக் கை, நெருங்கிய கேரட் எல்லாவற்றையும் பலவீனத்தில் போட்டேன். பலம் என்ற கட்டத்தில், யானை எதிரில் நின்றதும் ஐந்தில் மூன்று பேர் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார்கள், ஒருவர் ரகசியக் குரலில் பேசினார், அவர்களைத் தோற்கடித்தது யானை அல்ல, எங்கள் மூன்று நிமிடக் கணக்கு என்று எழுதினேன். கூடவே சிவக்குமார் மாற்றிய ஆட்டத்தையும் அனுப்பினோம். அதில் விளக்கை அணைக்கலாம், குழாயைக் கீழே வைக்கலாம், காத்திருக்கலாம். யானை எப்போது போகும் என்று ஆட்டம் சொல்லாது.

நான்கு நாள் பதில் இல்லை. கொச்சியில் பழைய ஹாஸ்டல் அக்காவுக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டு மெசேஜ்கூட அனுப்பிவிட்டேன். ஐந்தாம் நாள் காலையில் நல்ல வெயில். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ரமணி சார் கூப்பிட்டார். பெயரைப் பார்த்ததுமே, சரி, முடிந்தது என்று நினைத்தேன். ஈரத் துணியைத் தோளில் போட்டபடி கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னார்: “மூணாவது கட்டத்துல இருபது நிமிஷம் நின்னேன்மா. கையில எதுவும் இல்லை. அது என் பக்கம் ரெண்டு தடவை திரும்பிப் பார்த்துச்சு. என் பொண்ணு வந்து, ‘அப்பா, மூச்சு விடு’ன்னு உலுக்கினா. இருபது வருஷமா துப்பாக்கி விளையாட்டு விக்கிறேன், இப்படி எனக்குக் கை வேர்த்ததே இல்லை. தோட்டா வேண்டாம், இப்படியே கொண்டு வாங்க.”

நான் அழுதேன், சிரித்தேன், ஈரத் துணியோடு அம்மாவைக் கட்டிப்பிடித்து அவரையும் நனைத்தேன். ஒரு துப்பாக்கி விளையாட்டில் யானையை ஒருவரும் மனசாரச் சுடவில்லை என்று எட்டுப் பக்கம் புகார் எழுதி, அதனாலேயே வேலை தப்பி அம்மா அப்பாவோடு சொந்த மலையில் இருக்கிறவள் இந்தத் தொழிலில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.