சுவருக்குள் நூற்றுப் பதினான்கு வாட்

எங்கள் தெருவில் வயரிங் வேலை பார்ப்பவனுக்கு ‘வகுத்தல்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும். வோல்ட்டை ஆம்பியரால் வகுக்காமல் ஸ்குரூடிரைவரைத் தொடமாட்டான். மின்விசிறி சுற்றவில்லை என்று கூப்பிட்டால் முதலில் பென்சிலைத்தான் எடுப்பான். அவன் கணக்கு முடிவதற்குள் வீட்டுக்காரருக்கு வேர்த்து ஊற்றிவிடும். பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் எனக்கு இந்தக் கூத்து இருபது வருஷப் பழக்கம்.

கணக்கு என்னவோ சின்னதுதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் வாட்.

“இவ்வளவுதானாடா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“இவ்வளவுதான். இதைக்கூடப் போடமாட்டேங்கறானுங்களே!” என்றான்.

தலைக்கனம் பிடித்தவன், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் தான் செய்த வேலை எதுவும் திரும்பி வந்ததில்லை என்று அவன் மார்தட்டும்போது மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இருந்ததில்லை.

அந்தப் பெருமையில் பாதி அவன் அக்காவுடையது. பதினொரு வருஷத்துக்கு முன் அவள் வீட்டு வயரிங் முழுவதும் இவன் செய்ததுதான். அத்தான் எதிலும் குறை கண்டுபிடிப்பவர். “என் தம்பி கைபட்ட வேலையில ஒரு குறை சொல்லுங்க பாப்போம்” என்று சொல்லியே அக்கா அவர் வாயை அடைத்துவிடுவாள்.

போன மாதம் அந்த வீட்டில் தண்ணீர் சுட அரை மணிக்குப் பதில் முக்கால் மணி ஆனது. வகுத்தல் வெளியூர் வேலைக்குப் போயிருந்ததால் அத்தான் வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவன் ஹீட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் பிளக் பாயிண்ட்டில் மீட்டரைச் செருகினான். இருநூற்று முப்பது வோல்ட் காட்டியது. “கரண்ட் சரியா வருது, காயில்தான் போச்சு” என்று புதுக் காயில் மாட்டினான். தண்ணீர் அதே முக்கால் மணிதான். அசராமல் இன்னொரு காயிலும் மாட்டினான், மகராசன்.

வகுத்தல் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டாள். கடைக்கு விடுமுறை என்பதால் நானும் கூடப் போனேன்.

“ஹீட்டர் ஓடாதப்போ வோல்ட் பாத்தா அது நல்லபிள்ளையாத்தான் இருக்கும்” என்று சிரித்துக்கொண்டே ஹீட்டரை ஆன் செய்து, அது ஓடும்போதே அளந்தான். இருநூறு வோல்ட். மூன்று புள்ளி எட்டு ஆம்பியர். பென்சில் ஓடியது.

“வகுத்தா ஐம்பத்தி மூணு ஓம் கிட்ட வருது, ஆயிரம் வாட் காயிலுக்கு அதுதான் சரி. காயில்ல ஒரு கோளாறும் இல்ல. பெருக்கினா எழுநூத்தி அறுபது வாட். வரவேண்டியது ஆயிரம்.”

“அப்ப மீதி எங்க போகுது மச்சான்?” என்றார் அத்தான்.

“முப்பது வோல்ட் வழியிலேயே தங்கிடுது அத்தான். முப்பதை மூணு புள்ளி எட்டால பெருக்கினா...” பென்சில் நின்றது. “நூத்திப் பதினாலு வாட்.”

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ஓடிப்போய் மெயினை அணைத்தான்.

“என்னடா ஆச்சு?” என்றேன்.

“பழைய நூறு வாட் பல்பை எரியும்போது தொட்டிருக்கியா? ஹீட்டர் போடும்போதெல்லாம் அந்தச் சூடு இந்தச் சுவத்துக்குள்ள எங்கயோ நிக்குது.”

ஹீட்டருக்குப் போகும் வயர் அக்காவின் பேத்தி தூங்கும் அறை வழியாகப் போனது. அங்கே ஜாயிண்ட் இருக்கும் பெட்டி மர அலமாரிக்குப் பின்னால். நானும் அவனும் அலமாரியை நகர்த்தினோம். அதன் முதுகுப் பலகை உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. குழந்தையின் கட்டில் அதிலிருந்து ஒரு முழ தூரம்கூட இல்லை. 

பெட்டியைத் திறந்தான். டேப் உருகி வழிந்திருந்தது. உள்ளே திருகு போட்டு இறுக்கும் கனெக்டர் இல்லை. இரண்டு கம்பியையும் சும்மா முறுக்கி விட்டிருந்தது, அதுவும் நாளாவட்டத்தில் தளர்ந்து போயிருந்தது.

“எவன் செஞ்ச வேலை இது? அந்த மெக்கானிக்தானே?” என்று வாசலில் நின்ற அத்தான் கத்தினார்.

நான் நூலோடு பிழைப்பவன். முறுக்கு எந்தப் பக்கம் போகிறது என்பது என் கண்ணுக்குத் தப்பாது. இது இடக்கைக்காரன் முறுக்கு. வகுத்தல் இடக்கைக்காரன். ‘ஆமாம்னு சொல்லித் தொலைடா’ என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“இல்ல அத்தான். நான்தான்” என்றான்.

பதினொரு வருஷமாகக் குறை தேடிய மனிதர், அது கையில் கிடைத்தபோது உள்ளே வந்து கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளி இழுத்துப் போட்டார். அக்காவும் திட்டவில்லை. கட்டிலையும் கருகிய பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அந்த வருஷம் எத்தனை வீட்டுக்கு வயரிங் பண்ணே?”

“பத்தொன்பது.”

“எல்லாத்துலயும் இப்படித்தான் முறுக்கி விட்டியா?”

“அப்பெல்லாம் அதுதான் என் பழக்கம்க்கா.”

“அங்கயும் குழந்தைங்க தூங்கும்லடா?”

அவன் பெட்டிப் பக்கம் திரும்பினான். கருகிய பாகத்தை வெட்டி, கனெக்டர் போட்டு இறுக்கி, மறுபடி அளந்து பார்த்தான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள் அக்கா. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மீட்டரைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். நான் ஏணியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அடுத்த தெருவில் ஒரு கதவைத் தட்டினான். ஈரக் கையோடு ஒரு பெண் வந்தாள்.

“நாங்க யாரையும் கூப்பிடலையே? எல்லாம் நல்லாத்தான் எரியுது.”

“நீங்க கூப்பிடலம்மா. பதினொரு வருஷம் முன்னாடி இங்க வயரிங் போட்டது நான்தான். தப்பாப் போட்டுட்டேன்னு நினைக்கிறேன். கொஞ்சம் ஹீட்டரை ஆன் பண்ணுங்க.”