வேன் சீட்டுக்கு அடியில் ஒரு பை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து ஒரு வரியில் மேடு ஏறும், அடுத்த வரியில் பள்ளத்தில் இறங்கும். ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளியை விட்டவன் நான். எங்கே பெரிய ‘ற’ போடுவது என்று இன்றைக்கும் சந்தேகம்தான். பிழையைத் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். சொல்ல வந்ததை நினைத்தாலே சிரிப்பு வருகிறது. கை ஆடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் உலு திராமில் பேக்டரி வேன் ஓட்டுகிறேன். காலையில் பெண்களை வேலைக்கு ஏற்றிப்போவேன், சாயங்காலம் வீட்டில் கொண்டுவந்து விடுவேன். பெண்களிடம் பேச எனக்குக் கூச்சம். ‘ஏறுங்க’, ‘இறங்குங்க’ என்ற இரண்டு சொல்லை வைத்தே பல வருடம் வண்டி ஓட்டிவிட்டேன்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, நாற்பதைத் தாண்டி, என் மனைவி முழுகாமல் இருந்தாள். இதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. இரண்டு தடவையும் ஆசையாகக் குட்டிச் சட்டைகள் வாங்கி வைத்திருந்தாள். பிறக்கும் முன்பே புதுசு வாங்கியதுதான் காரணம் என்று அவள் மனதில் பதிந்துவிட்டது.

“இந்தத் தடவ ஒரு ஊக்குகூட வாங்கப்படாது. பை கட்டப்படாது. வீட்டுக்குள்ள அந்தப் பேச்சே வேணாம்” என்று சொல்லிவிட்டாள்.

கிளினிக் மிஸ்ஸி, அதுதான் நர்ஸம்மா, வேறு கட்சி. எட்டு மாதம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “பை ரெடியா? வலி வந்தப்புறமா கடைக்கு ஓடப் போறீங்க? அம்மாவுக்கு பாத்தேக் கைலி, பிள்ளைக்குச் சட்டை, தொப்பி, கையுறை, பேம்பர்ஸ், எல்லாம் நீங்கதான் கொண்டு வரணும்.”

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள். “மிஸ்ஸி என்னா சொன்னாங்க?”

“உன்னை நல்லா சாப்பிடச் சொன்னாங்க.”

வேனைக் கழுவும்போது யோசித்தேன். புதுசுதான் கூடாது, பழசு ஆகும். வீட்டில்தான் பை கட்டக் கூடாது, வேன் வீடு இல்லையே! எனக்கு இவ்வளவு மூளை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பைப்பை மூடாமல் அப்படியே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் கேட்க வேண்டுமே. மறுநாள் சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது, கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னேன். “பழைய பிள்ளைத்துணி... யார்கிட்டயாச்சும் இருக்குமா?”

வேனில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அக்கா கத்தினார். “ஏய், அண்ணன் பேசுறாரு லா!”

பின் சீட்டில் மலாய்க்கார அக்கா ஒருவர் இருந்தார். எங்கள் ஆட்களோடு பழகி அரைத்தமிழ் பேசுவார். “அலமாக்! இவருக்கு வாய் இருக்கா?” என்றார்.

சிரித்த சிரிப்பில் பச்சை விழுந்ததை யாருமே கவனிக்கவில்லை. பின்னால் நின்ற லோரி ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன். கூச்சத்தோடு காரணத்தையும் சொன்னேன்.

அதற்குப் பிறகு வேன் கல்யாண வீடாகிவிட்டது. பேக்டரி விருந்துக் குலுக்கலில் கிடைத்த பயணப் பையை ஒருவர் கொடுத்தார். சட்டை, தொப்பி, கைலி, பிளாஸ்க் என்று தினமும் ஏதாவது ஏறியது. முன் சீட்டு அக்கா வசம்பு கொண்டுவந்தார். மலாய்க்கார அக்கா வயிறு கட்டும் நீளத் துணியைக் கொண்டுவந்தார்.

“ஆஸ்பத்திரிக்கு வசம்பு எதுக்கு? மிஸ்ஸி ஏசும்” என்றார் மலாய்க்கார அக்கா.

“உங்க துணி இருக்கிற நீளத்துக்கு வேனையே கட்டி இழுக்கலாம் காக், அது மட்டும் எதுக்கு?” என்று, மலாயில் ‘அக்கா’ போட்டே மடக்கினார் முன் சீட்டு அக்கா.

ஜிப் மூடவில்லை. கயிற்றால் கட்டிக் கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளினேன். தினமும் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அந்தப் பக்கம் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது.

ஒருநாள் பரிசோதனைக்கு மனைவி சீக்கிரம் போக வேண்டியிருந்தது. கிளினிக் போகிற வழிதான் என்று வேனிலேயே ஏறினாள். காலை நீட்ட வசதியாகக் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள். பெண்கள் எல்லோரும் வாயை இறுக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்கள். வளைவில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். பை சறுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கயிறு அவிழ்ந்து சட்டைகள் அவள் காலடியில் கொட்டின.

வண்டியை ஓரம் கட்டினேன். எனக்கு ஸ்டேரிங்கோடு கரைந்துபோகலாம் போலிருந்தது. அவள் ஒரு சட்டையைக் கையில் எடுத்தாள்.

“யார் வாங்குனது?”

“வாங்கல தங்கச்சி” என்றார் முன் சீட்டு அக்கா. “அது என் பெரியவன் போட்டது. இப்ப ஸ்கூல்ல படிவம் மூணு. ஒரு சட்டிச் சோறும் பத்தல, அந்தத் தடிமாட்டுக்கு.”

அவள் ஒரு தொப்பியை எடுத்தாள். “இது?”

“அது என் பொண்ணு லா” என்றார் மலாய்க்கார அக்கா. “இப்ப சிங்கப்பூர்ல வேலை. மோட்டார் காத்து மாதிரி ஓட்டும். நான் சொன்னா கேக்காது.”

“கையுறை?”

“என் ரெட்டைப் பயலுங்களோடது கா” என்றாள் நடு சீட்டுப் பெண். “நேத்துகூட ரெண்டும் அடிச்சிக்கிட்டு மூஞ்செல்லாம் கீறல்.”

அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டாள். ஒவ்வொரு துணிக்கும் பின்னால் ஒரு குறும்புக்காரப் பிள்ளை இருந்தது. எல்லாம் தங்கிய பிள்ளைகள், வளர்ந்து அம்மாவைப் பாடாய்ப் படுத்துகிற பிள்ளைகள். அவள் அந்தச் சட்டையை முகர்ந்து பார்த்தாள். கண் கலங்கியது. பிறகு அடக்க முடியாமல் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

“ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, இங்கயே பொறந்துடும்!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, “மடிச்சிருக்கிற லட்சணத்தப் பாருங்க, ரொட்டி சானாய் பிசைஞ்ச மாதிரி” என்றாள். கிளினிக் வரும்வரை மடியில் வைத்து ஒவ்வொன்றையும் திரும்ப மடித்தாள். அன்றைக்கு எல்லோரும் வேலைக்குத் தாமதம். ஒருவரும் கவலைப்படவில்லை.

ஒரு மத்தியானம் வலி எடுத்தது. ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி துணி கேட்டபோது பையோடு நீட்டிவிட்டேன். கதவுக்குப் பின்னால் அழுகை கேட்டது. எவ்வளவு பெரிய சத்தம்! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மகள். உள்ளே விட்டபோது மனைவி களைத்துப்போய்ப் படுத்திருந்தாள். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

“இன்னும் என்னா நிக்கிறீங்க? கடைக்குப் போங்க. புதுச்சட்டை வாங்கிட்டு வாங்க. நெறைய.”

எழுதியது: பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை, மகள் தூங்கும் நேரம்.