பன்றித்தொட்டி மிதந்த நாள்

அப்பாவின் வலது முழங்கால் மடங்காமல் போன வருஷம், எங்கள் வீட்டில் மீன் விலைக்கு வாங்கித் தின்றோம். வம்பாக்கீரப்பாளையத்தில் அது கேவலம். கரையேறும்போது அலை புரட்டிப் போட்ட கட்டுமரம் காலில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டார்கள். கட்டைப் பிரித்தபோது கால் நீட்டினது நீட்டினபடியே நின்றுவிட்டது. கட்டுமரத்தில் மண்டிபோடாமல் துடுப்புப் போட முடியாது. ஆகவே கடல் அவருக்கு அத்தோடு முடிந்தது. அம்மா அடுத்தவர் பிடித்த மீனைக் கூடையில் சுமந்து கருவடிக்குப்பம் வரைக்கும் போய் விற்றுவந்தாள். அப்பா கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் கிழிந்த வலைகளைச் சரிசெய்து கொடுத்தார். யாரோடும் பேசுவதில்லை, அம்மாவோடும்கூட.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி ஓரிரு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. அம்மாவின் அண்ணன் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவாக இருந்து பென்ஷனோடு திரும்பியவர். அந்த மாமா ஒருநாள் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றிலிருந்து கிழித்த தாளைக் கொண்டுவந்தார். ஆழமில்லாத தண்ணீரில் மீன் பிடிக்க, வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய தட்டையடிப் படகு, அளவுகளோடு படம். நடுப்பலகையில் தொப்பி போட்ட துரை ஒருவர் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார்.

“கடல் போனா போவுது மாப்ள, ஆறு இருக்குல்ல? முழங்கால் தண்ணியிலயும் போவும் இது” என்றார் மாமா.

அரியாங்குப்பத்து ஆறு எங்கள் பாளையத்தை ஒட்டித்தான் கடலில் விழுகிறது. மடவை மீனும் இறாலும் அங்கே உண்டு. அப்பா தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு அது போதுமாயிருந்தது.

துறைமுகத்தில் கழித்துப்போட்ட சாமான் பெட்டிகளின் பலகைகளை மாமா வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். வேலை தொடங்கிய பிறகுதான் துரையின் படம் எங்களுக்கு ஆகாது என்று தெரிந்தது. துரை சும்மா உட்கார்ந்து பிடிக்கிறவர். எங்களுக்கு வீச்சுவலை. அந்த நடுப்பலகை இருந்தால் அப்பா காலை எங்கே நீட்டுவார்? மாமா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தாளையே வெறித்துக்கொண்டிருந்தார். படத்தில் விரற்கடை மாற்றினாலும் படகு கவிழ்ந்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை.

அம்மா மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தாள். மணலில் ஒரு காலிப் பெட்டியைப் போட்டு அப்பாவை அதில் உட்காரச் சொன்னாள். வலை வீசுகிற மாதிரி கையை வீசச் சொன்னாள். அப்பா காலை நீட்டிக்கொண்டு, கூச்சத்தோடு, வெறுங்கையைக் காற்றில் வீசினார். அம்மா ஒரு குச்சியை எடுத்து அவரைச் சுற்றிக் கோடு இழுத்தாள். நீட்டிய காலுக்கு இடம், சாய்ந்து வீசுகிற உடம்புக்கு இடம், ஈரவலை வந்து விழ இடம். காற்றில் அழியாமல் இருக்க நான் கோட்டின்மேல் சிப்பிகளை அடுக்கினேன்.

“வெள்ளைக்காரன் கணக்குப் போட்டு வரைஞ்சதுடி இது!” என்று மாமா கத்தினார்.

“அவன் கால அவன் கணக்குப் போட்டுக்கினான். எம் புருஷன் கால எங்க போட்டான், காட்டு.”

மாமா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நடுப்பலகை போயிற்று. முன்பக்கம் உயரமாக ஓர் இருக்கை வந்தது. பின்பக்கம் ஒருவர் நின்று மூங்கில் கழி ஊன்ற ஒரு தட்டு. அகலம் கூடியதில் பலகை பற்றாமல், படத்திலிருந்த கூர்மூக்கும் போயிற்று. பலகைகளை ஆணியால் அறைந்து, சந்துகளில் கந்தல் துணியை அடைத்துத் தார் பூசினோம். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு எனக்கு முடிந்தது. அதன்பிறகு பல கரைகளில் பல படகுகளில் கூலிக்கு ஏறியிருக்கிறேன். ஓர் ஆளை உட்காரவைத்து அவரைச் சுற்றிக் கோடு கிழித்துச் செய்த படகை வேறெங்கும் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் மரம் என்றால் கட்டுமரம், கயிற்றால் கட்டுவது. ஆணியைக் கண்டால் சிரிப்பார்கள். பஞ்சாயத்துப் பெரியவர் வந்து ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “ஆணி அடிச்சதெல்லாம் மரமாய்யா? பன்னிக்குக் கழனி ஊத்துற தொட்டியாட்டம் இருக்குது” என்றார். பெயர் நிலைத்துவிட்டது. தெருப் பிள்ளைகள் என்னைக் கண்டதும் பன்றிபோல உறுமினார்கள். சிலரை அடித்தேன், பலரிடம் அடிவாங்கினேன்.

ஆற்றில் இறக்கிய காலையில் பாளையமே கரையில் நின்றது. அப்பா முன்னால் வலையோடு. மாமா பின்னால் கழியோடு, சிப்பாய் விறைப்பில். கழியைத் துப்பாக்கிபோலப் பிடித்து அவர் குத்தினார். படகு ஒரு சுற்றுச் சுற்றியது. மறுபடி குத்தினார், மறுபடி சுற்றியது. கடைசியில் கழி சேற்றில் மாட்டிக்கொண்டது. மாமா கழியில் தொங்க, படகு அப்பாவை மட்டும் ஏற்றிக்கொண்டு தன்பாட்டுக்குப் போனது. கரையில் சிரித்த சிரிப்பு கலங்கரை விளக்கம்வரை கேட்டிருக்கும்.

நான் இறங்கிக் கயிற்றைப் பிடித்து இழுத்துவந்தேன். நானே கழியை வாங்கி ஊன்றிப் பார்த்தேன். கழி என்னைவிட நீளம், படகு அசையவில்லை. கரையில் நின்ற ஆம்பளைகளுக்கெல்லாம் கடலில் வேலை இருந்தது. அப்பாவின் தொட்டியைத் தள்ள யார் வருவார்கள்?

அப்பா வலையைச் சுருட்டினார். “போதும். வூட்டுக்கு இழுத்துட்டுப் போங்க. அடுப்புக்காவது ஆவும்.”

அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். கையால் தடவி இறால் பிடித்து வளர்ந்தவள் அவள். அந்த ஆற்றின் சேறு எங்கே இழுக்கும், எங்கே தாங்கும் என்பது அவள் காலுக்கே தெரியும். என் கையிலிருந்து கழியைப் பிடுங்கினாள். சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் பக்கம் பொம்பளை மரத்தில் கால்வைக்கக் கூடாது.

“நில்லும்மா” என்றார் பெரியவர். “பொம்பள மரத்துல ஏறுற வழக்கம் உண்டா?”

அம்மா ஒரு காலைப் படகிலும் ஒரு காலைத் தண்ணீரிலும் வைத்துக்கொண்டு திரும்பினாள். “மரமா? எது பெரிப்பா மரம்? தொட்டின்னு பேரு வச்சதே நீங்கதான். தொட்டியில ஏற ஊரக் கேக்கணுமா?”

முதலில் பொம்பளைகள்தான் சிரித்தார்கள். பெரியவர் தாடையைச் சொறிந்தார். மரம் என்று ஒப்புக்கொண்டால், இத்தனை நாள் செய்த கேலி பொய்யாகிவிடும். தொட்டி என்றால், தொட்டியைப் பற்றி ஊர் வழக்கத்தில் ஒன்றுமே இல்லை. “ஆத்தோட நின்னுக்க. கடல் பக்கம் போவாத” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அம்மா ஊன்றினாள். படகு நேராகப் போனது. நானும் வருகிறேன் என்று கத்தினேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு வளைகிற இடத்தில் அப்பா முதல் வலையை வீசுவது தெரிந்தது. பிறகு படகு மறைந்துவிட்டது.

வெயில் ஏறி, கடல் ஏற்றத்தில் ஆற்றுத் தண்ணீர் பெருகத் தொடங்கியபோதுதான் திரும்பினார்கள். நான் கூடையோடு ஓடினேன். அப்பா தலைமுதல் கால்வரை நனைந்திருந்தார். அம்மாவின் கொண்டை அவிழ்ந்து கிடந்தது. கழியை மெதுவாக ஊன்று என்று இவரும், வலையைத் தூரமாக வீசு என்று அவளும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். கூடையில் விழுந்தது சில மடவை, ஒரு கை இறால், ஒரு நோஞ்சான் நண்டு.

“இவ்ளோ நேரம் போயி இம்மாத்தூண்டு மீனா?” என்று கேட்டேன்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா வலையை உதற ஆரம்பித்தார். அதில் உதற ஒன்றுமே இல்லை. எனக்குக் கவலையாகிவிட்டது. கால்சட்டையைக் காயவைத்துக்கொண்டிருந்த மாமாவிடம் ஓடிப்போய், படகை இன்னும் கொஞ்சம் அகலமாக்க வேண்டும், நடுவில் எனக்கும் ஓர் இடம் போட்டால் நிறைய மீன் பிடிக்கலாம் என்று சொன்னேன். அவர் ஆற்றுப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு என் தலையில் வலிக்காமல் ஒரு குட்டு வைத்தார்.

“ரெண்டு பேருக்கு அளவு சரியாத்தான்டா இருக்கு” என்றார்.

எப்படிச் சரி என்று எனக்கு விளங்கவில்லை. கூடை முக்கால்வாசி காலியாகத்தான் இருந்தது.