ஹெல்மெட் போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்குகிறவர்கள்

அயர்லாந்தில் நாங்கள் இருக்கும் சிற்றூரில் யாரும் யாரையும் உரக்கக் கூப்பிடுவதில்லை. பேருந்தில் ஒருவர் என் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டால், அது என் காலுக்கு மட்டும்தான் கேட்கும். கடையில் பை வேண்டுமா என்று கேட்கிற பெண், குடும்ப ரகசியம் ஒன்றைச் சொல்வதுபோலக் குனிந்து கேட்பாள். பக்கத்து வீட்டு மோரீன் தோட்டத்தில் நின்று முணுமுணுப்பதைப் பார்த்து, பாவம், ஜெபம் சொல்கிறார் என்று வந்த புதிதில் நினைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, நாயைக் கூப்பிட்டிருக்கிறார். நாயும் வந்தது. நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் ஒரே ஊரில்தான். புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர். அங்கே கோயில் மணி, ஒலிபெருக்கி, டவுன் பஸ் ஹாரன் எல்லாவற்றையும் மீறிப் பேசியே தொண்டை வளர்ந்தவர்கள் நாங்கள். எதிர்வீட்டில் கொஞ்சம் புளி கேட்டால், தெருக்கோடியில் இருப்பவர் "இன்னைக்கு மீனா?" என்று கேட்பார்.

என் வீட்டுக்காரர் அந்தோணி, ஜெகதாப்பட்டினத்தில் ஒரு ஐஸ் பிளாண்டில் மெக்கானிக்காக இருந்தவர். மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கும் இடம். கம்ப்ரசர் அறைதான் அவருக்கு இளமைக்காலம் முழுவதும் வீடு. எனக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்ததும் என்னோடு வந்து, ஒரு பால் தொழிற்சாலையின் குளிர்பதனப் பிரிவில் சேர்ந்தார். நான் ஒன்று கேட்டால் பதில் வராது, இரண்டாம் முறை கேட்டால் "ம்" வரும், மூன்றாம் முறை கேட்டால் "ஏன் கத்துற?" என்று வரும். கல்யாணமான எல்லாப் பெண்களையும்போல நானும் அதை வியாதி என்று நினைக்கவில்லை, புருஷ லட்சணம் என்று நினைத்தேன். நர்ஸாக இருந்துமா என்று கேட்காதீர்கள். டியூட்டி முடிந்தால் நானும் பெண்டாட்டிதான்.

இந்த ஊர்க்காரர்களோடு அவர் ஒரே ஒரு சொல்லை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். கிராண்ட். நம் பக்கம் கல்யாணம் கிராண்டாக நடந்தது என்றால் பந்தலும் பிரியாணியும் கண்முன் வரும். இங்கே கிராண்ட் என்றால் சரி, போதும், பரவாயில்லை, நடக்கட்டும், விடு என்று எல்லாமும்தான். யார் எதைக் கேட்டாலும் அந்தோணி சிரித்த முகத்தோடு "கிராண்ட்" என்பார். ஒருமுறை பூசை முடிந்து வாசலில் ஃபாதர் ஏதோ கேட்க, இவர் கிராண்ட் என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த ஞாயிறு பார்த்தால் பாடகர் குழுவின் இரண்டாவது வரிசையில் நிறுத்திவிட்டார்கள். கழுத்தில் பச்சைத் துண்டு வேறு. வாயைத் திறந்து திறந்து மூடினார். ஆவூரில் அவர் பாடினால் மாடு கயிற்றை அறுக்கும். இங்கே ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனிதர்கள்.

பழைய பைக் ஒன்றை வாங்கினார். விடுமுறை நாட்களில் கடற்கரைச் சாலையில் போவோம். பின்னால் உட்கார்ந்து நான் "மெதுவாப் போங்க" என்று கத்துவது காற்றில் போய் ஆடுகளுக்குத்தான் கேட்டது. ஹெல்மெட்டுக்குள் ப்ளூடூத் வைத்தால் பேசிக்கொண்டே போகலாம் என்று மருத்துவமனையில் ஒரு தோழி சொன்னாள். இரண்டு பேருமாகக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் பெயர் கியரன். தாடிக்குள்ளிருந்து பேசுகிறவர்; பாதி வார்த்தை தாடியிலேயே தங்கிவிடும். கூட்டமாகப் போகிறவர்களுக்கு மெஷ் என்று ஒரு வகை இருக்கிறது, பத்துப் பதினைந்து வண்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளலாம் என்றார். எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் பேசிக்கொள்வதே பெரிய பாடு என்று நான் சொன்னதும், சாதாரண ப்ளூடூத் ஜோடி போதும் என்று எடுத்து வைத்தார். மழை தாங்குமா, கையுறை போட்ட விரலால் பொத்தானை அழுத்த முடியுமா, இந்த இரண்டையும் பார்த்து வாங்குங்கள், மற்றதெல்லாம் அலங்காரம் என்றார். முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட் என்பதால், தாடைப் பக்கம் ஒட்டுகிற பொத்தான் மைக் எங்களுக்கு. என் ஜிமிக்கியைப் பார்த்துத் தயங்கி, "அந்தச் சரவிளக்குகளைக் கழற்ற முடியுமா? ஸ்பீக்கரில் இடிக்கும்" என்றார். அந்தோணிக்கு இதிலெல்லாம் கவனம் இல்லை. மாதிரி ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார். கடைக்கோடியில் நின்ற எனக்கே பாட்டு கேட்டது. அவர் கட்டைவிரலைத் தூக்கி, இன்னும் என்றார். கியரன் என்னைப் பார்த்தார். நான் ஜிமிக்கியைப் பார்த்தேன்.

"நானே பொருத்தித் தரட்டுமா, இல்லை வீட்டில் நீங்களே செய்துகொள்கிறீர்களா?" என்று கியரன் கேட்டார். அந்தோணி "கிராண்ட்" என்றார். கியரன் பெட்டியை அப்படியே கையில் கொடுத்துவிட்டார்.

சாப்பாட்டு மேசையில் போர்வையை விரித்து வேலையை ஆரம்பித்தோம். கன்னப் பஞ்சை இழுத்தால் டப் டப்பென்று கழன்று வந்துவிடும். காதுக்கான குழியில் ஸ்பீக்கரை ஒட்டி, வயரைப் பஞ்சுக்குப் பின்னால் மறைத்து, வெளியே இடப்பக்கம் பெட்டியை மாட்ட வேண்டும். இடப்பக்கம் ஏனென்றால் வலது கை ஆக்ஸிலரேட்டரில் இருக்கும். காதுத் துளைக்கு நேராக ஸ்பீக்கர் உட்காராவிட்டால் எவ்வளவு சத்தம் வைத்தாலும் காற்றுதான் கேட்கும் என்று பெட்டிக்குள் இருந்த தாளில் படம் போட்டிருந்தார்கள். அவருடையது முதல் முயற்சியிலேயே சரியாக உட்கார்ந்தது. என்னுடையதில் மைக்கை மூக்குக்கு நேராக ஒட்டிவிட்டேன். என் மூச்சு அவருக்குப் புயல் எச்சரிக்கை மாதிரிக் கேட்டதாம். மறுபடி கழற்றி ஒட்டினோம். பொத்தானை அழுத்திப் பிடித்ததும் சிவப்பும் நீலமுமாக மின்னி, இரண்டும் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொண்டன.

அன்று கடற்கரைச் சாலையில் ஒரு வளைவில் அவர் வண்டியைச் சாய்த்தபோது, வழக்கம்போல எனக்குள் முணுமுணுத்தேன்: "ஓட்டுற லட்சணத்தப் பாரு. இதுக்கு ஐஸ் வண்டியே தேவல."

"என்னது ஐஸ் வண்டி?" என்று காதுக்குள் குரல் கேட்டது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருட முணுமுணுப்பில் ஒன்றுக்குக்கூட இந்த மனிதர் பதில் சொன்னதில்லை. அவற்றில் சிலவற்றை அவர் கேட்காமல் இருந்ததால்தான் எங்கள் குடும்பம் குடும்பமாக இருந்தது. ஆனால் அன்று விட்ட இடத்திலிருந்து பேசினோம். என் வார்டு சண்டை, அவர் தம்பி சவரிமுத்து போட்டிருக்கும் போர்வெல், மோரீனின் நாய், எதையும் விடவில்லை. நான் சொன்ன பழைய கதை ஒன்றுக்கு அவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "டீ போடவா?" என்றேன். பதில் இல்லை. முதுகுக்குப் பின்னால் போய் நின்று, மெல்லிய குரலில், "அடுப்புல தீ பிடிச்சிருச்சு" என்றேன். அவர் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய ஹெல்மெட்டை எடுத்து அவர் தலையிலேயே கவிழ்த்தேன். என்னுடையதையும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"ஒங்களுக்குக் காது கேக்கலதானே?"

"யாரு சொன்னா? இப்பக் கேக்குதே."

"சரி, கழட்டுங்க. பேசிப் பாப்போம்."

அவர் கழற்றவில்லை. "வேணாம். இப்பிடியே இருக்கட்டும், நல்லாருக்கு" என்றார். பிறகு அவராகவே சொன்னார். "கம்ப்ரசர் ரூம்ல எல்லாருமே கத்தித்தான் பேசுவோம். ஊர்லயும் கத்துவாய்ங்க. இங்க வந்தப்ப, இவய்ங்கதான் மெல்லப் பேசுறாய்ங்கன்னு நெனச்சேன். ஒருநா பூசைல ஃபாதர் என்னமோ சொன்னாரு, எல்லாரும் சிரிச்சாய்ங்க. நானும் சிரிச்சேன். எதுக்குச் சிரிச்சேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

எனக்கு முகக் கண்ணாடியை இறக்கிவிட வேண்டும்போல இருந்தது. டாக்டரிடம் போகலாம் என்றேன். வேலை போய்விடும் என்றார். போகாது என்றேன். உடனே உண்மையான காரணம் வந்தது. "ஊருக்குத் தெரிஞ்சா செவிட்டு அந்தோணிம்பாய்ங்க. ஒருக்கா பேரு வச்சாய்ங்கன்னா கல்லறையிலயும் அதத்தான் எழுதுவாய்ங்க." அதை மறுக்க முடியவில்லை. எங்கள் ஊரில் எப்போதோ ஒருமுறை மரத்திலிருந்து விழுந்தவர், பேரன் எடுத்த பிறகும் விழுந்தான் ராயப்பன்தான்.

ஆக, ஒரு சமரசத்துக்கு வந்தோம். வீட்டில் ஏதாவது பேச வேண்டியிருந்தால் ஹெல்மெட். நம்புங்கள், கொஞ்ச நாளில் பழகிவிட்டது. கண்ணாடியை இறக்கிவிட்டு வெங்காயம் நறுக்கினால் கண்ணீர் வராது என்பது கூடுதல் லாபம். அவர் மேசையில் பூண்டு உரிப்பார், நான் அடுப்படியில் நிற்பேன், இரண்டு பேரும் ஹெல்மெட்டோடு ஊர்க்கதை பேசுவோம்.

ஜன்னல் வழியாக மோரீன் இதைப் பார்த்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் வேலியருகே என்னை நிறுத்தி, "வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்டார். கிராண்ட் என்றேன். எங்கள் கூரையை ஒரு பார்வை பார்த்தார். "உதவி கேட்கத் தயங்கக் கூடாது" என்றார். வயதானவர், அன்பாக ஏதோ சொல்கிறார் என்று நன்றி சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். சமையலறைக் கூரை பெயர்ந்து தலையில் விழுகிறது, அதனால்தான் இந்த இந்தியர்கள் ஹெல்மெட்டோடு சமைக்கிறார்கள், வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்று அவர் முடிவு செய்திருந்தார். அவருடைய தம்பி டெர்மட் கூரை வேலை செய்பவர்.

அன்று டியூட்டி முடிந்து வந்தபோது எங்கள் வீட்டின்மேல் ஏணி சாத்தியிருந்தது. மேலே டெர்மட். அவர் காலடியில் கழற்றி அடுக்கிய ஓடுகள். அயர்லாந்து மழை யாரையும் கேட்டுக்கொண்டு பெய்வதில்லை, அது பெய்துகொண்டிருந்தது. உள்ளே, ஊரிலிருந்து நான் கொண்டுவந்த எவர்சில்வர் அண்டாவைக் கையில் பிடித்துக்கொண்டு, மேலே தெரிந்த வானத்துக்கு நேராக அந்தோணி நின்றார்.

"என்ன நடக்குது?" என்று கத்தினேன். கத்தியதால் கேட்டது.

"தெரியலயே. அவரு வந்தாரு, மேலப் பாத்தாரு, என்னமோ கேட்டாரு. கிராண்டுன்னேன்."

"என்ன கேட்டாருன்னு நெனச்சீங்க?"

"மழ வரும் போலருக்குன்னு சொல்றாருன்னு நெனச்சேன். இங்க யாரு வாயத் தொறந்தாலும் மழையப் பத்தித்தானே பேசுவாய்ங்க."

நான் முதலில் சிரித்தேனா அழுதேனா என்று சொல்லத் தெரியவில்லை. தார்ப்பாயோடு ஓடிவந்த மோரீனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அந்தோணியின் முன்னால் வந்து நின்று, காதோரத்து வெள்ளை முடியை ஒதுக்கிக் காட்டினார். காதுக்குப் பின்னால் ஒரு சின்னக் கருவி. பிறகு, அந்த ஊரில் முதன்முறையாக ஒருவர் உரக்கப் பேசி நான் கேட்டேன். "நீங்கள் வந்த நாளிலிருந்து, முழங்கால் வலி, மழை, என் தங்கையின் மரணம், எதைச் சொன்னாலும் நீங்கள் கிராண்ட் என்றீர்கள்! அயர்லாந்திலேயே மனநிறைவோடு வாழ்கிற ஒரே மனிதர் இவர்தான் என்று நினைத்தேன்!"

அந்தோணி அண்டாவைக் கீழே வைத்தார். "தங்கச்சி செத்ததுக்குமா கிராண்டுன்னேன்?" என்று என்னிடம் கேட்டார். நான் தலையசைத்தேன். மறுநாளே பரிசோதனைக்கு நேரம் வாங்கச் சொன்னது அவர்தான்.

இரண்டு காதுக்கும் கருவி வந்தது. வேலை போகவில்லை, ஃபோர்க்லிஃப்ட் வந்தால் மின்னுகிற விளக்கு ஒன்றை அவர் பிரிவில் மாட்டினார்கள், அவ்வளவுதான். பாடகர் குழுவில் தான் பாடுவது அவருக்கே கேட்டதும், தானாக விலகிக்கொண்டார்.

அந்த வருடம் விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். ஹெல்மெட் இரண்டையும் எடுத்துப் போனோம், சவரிமுத்துவின் பைக்கில் சுற்றலாம் என்று. திருச்சி விமான நிலையத்துக்கு வெளியே சொந்தக்காரர்கள் "வாங்க வாங்க" என்று எழுப்பிய சத்தத்தில் அந்தோணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "ஆணி அடிக்கிற மாதிரி இருக்குடி" என்று கருவிகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். அதன்பிறகு நான் பார்த்தது எனக்கே ஆச்சரியம். ஆவூரில் அவருக்குக் கருவியே தேவைப்படவில்லை. எல்லோரும் கத்தினார்கள், எல்லாமே கேட்டது. கிண்டலுக்குப் பதில் கிண்டல், எல்லோரும் சிரிக்கும்போது அவரும் சிரித்தார், எதற்கென்று தெரிந்தே சிரித்தார்.

ஒருநாள் சட்டைப் பையிலிருந்து கருவி எட்டிப் பார்த்ததைச் சவரிமுத்து பிடித்துவிட்டான். "என்னண்ணே இது, ப்ளூடூத்தா?"

அந்தோணி என்னைப் பார்த்தார். "ஆமாடா" என்றார்.

"வயரே தெரியல. வெளிநாடுன்னா வெளிநாடுதான்! அடுத்த தடவ வரப்ப எனக்கு ஒண்ணு வாங்கிட்டு வாங்கண்ணே."

சாயங்காலத்துக்குள் அரை ஊர் வந்து அந்த வெளிநாட்டு ப்ளூடூத்தைப் பார்த்துவிட்டுப் போனது. விராலிமலைக்குப் போகிற வழியில், ஹெல்மெட்டுக்குள் மெதுவாகக் கேட்டேன்: "தம்பிட்டயாச்சும் சொல்லிரலாம்லங்க?"

எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டார். "அங்கிட்டு நான் சொல்லித்தானே வச்சிருக்கேன். இங்கிட்டு வந்தா நான் செவிடன் இல்ல. லீவு முடியிற மட்டும் இருந்துட்டுப் போறேன், விடு."

விட்டுவிட்டேன்.

திரும்புகிற அன்று, திருச்சி விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் வரிசையில் நின்றோம். உள்ளே இருந்த அதிகாரி ஏதோ கேட்டார். நல்ல படித்த, மெல்லிய குரல். அந்தோணி பையைத் துழாவி ஒரு கருவியை எடுத்து வலது காதில் மாட்டினார். அதற்குள் வெளியே சவரிமுத்து கண்ணாடியைத் தட்டி, "அண்ணே, போய்ட்டுப் போன் பண்ணுங்க!" என்று கத்தினான். அந்தச் சத்தம் இடது காதுக்குச் சரியாகக் கேட்டது. இன்னொரு கருவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அதிகாரிக்கு ஆங்கிலத்தில் ஒரு பதிலும் தம்பிக்குத் தமிழில் ஒரு பதிலுமாகச் சொல்லிக்கொண்டு நின்றார். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். அவர் உள்ளங்கையை மூடிக்கொண்டார். அந்த இரண்டாவதை எப்போது மாட்டுவார் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். விமானம் கிளம்புமுன் பெல்ட்டைப் போடச் சொன்னபோதுகூட அந்தக் கை மூடியேதான் இருந்தது.