மிஸ்கிட்ட சொல்லிடுவேன்!

நாங்கள் கொரட்டூரில் இருக்கிறோம். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஹரிணி, கொடுத்தனுப்பும் தண்ணீர் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள். "குடிக்கலேன்னா மிஸ்கிட்ட சொல்லிடுவேன்" என்று மிரட்டுவேன். சாப்பிட, தூங்க, தலைவார, எல்லாவற்றுக்கும் எனக்கு இந்த ஒரே மிரட்டல்தான்.

ஒருநாள் காய்ச்சலோடு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பதறிப்போய்த் தூக்கிக்கொண்டு ஓடினேன். சிறுநீரில் கிருமித்தொற்றாம். டாக்டரம்மா அவளிடம், "ஸ்கூல்ல பாத்ரூம் போறதில்லையாம்மா?" என்று கேட்டார்.

"கேட்டா மிஸ் எல்லார் முன்னாடியும் கத்துவாங்க. அதான் தண்ணியே குடிக்கிறதில்ல."

"இதை ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"நீதான் எல்லாத்தையும் மிஸ்கிட்ட சொல்லிடுவியே!"

மறுநாளே பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியையிடம் சண்டை போடாத குறையாகப் பேசினேன். நல்லவேளை, அவர் காதுகொடுத்துக் கேட்டார். இப்போது அந்த வகுப்பில் பிள்ளைகள் யாரையும் கேட்காமல் பாத்ரூம் போய் வரலாம். பாட்டிலும் காலியாக வருகிறது.

நானும் அந்த மிரட்டலை அடியோடு விட்டுவிட்டேன். தினமும் சாயங்காலம், "இன்னிக்கு மிஸ் என்ன சொன்னாங்க?" என்று உட்கார்ந்து கேட்கிறேன்.

போன வாரம் பக்கத்து ஃபிளாட் குழந்தையிடம் ஹரிணி சொல்லிக்கொண்டிருந்தாள்: "உங்க மிஸ் கத்தினா என்கிட்ட சொல்லுடி. எங்கம்மாகிட்ட சொல்லிடுவேன்!"

- ஒரு வாசகி, கொரட்டூர்