விளம்பரத் தடுப்பானை விரட்டிய நாள்

வீட்டுக் கணினியை நானே கெடுத்துவிட்டு, மூன்று மணி நேரம் இணைய நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

கடலூரிலிருந்து தினமும் சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போய்ப் பாடம் நடத்தும் என் மனைவி, உள்ளூருக்கு மாறுதல் கேட்டு விண்ணப்பிக்க அந்தச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிதான் கெடு. சான்றிதழ்கள் எல்லாம் கணினியில்தான். விளம்பரங்களைத் தடுக்க நான் போட்டிருந்த மென்பொருள், விண்ணப்பப் பக்கத்தையும் சேர்த்துத் தடுத்தது. கோபத்தில் அதை நீக்கினேன். அப்புறம் எந்தப் பக்கமுமே திறக்கவில்லை.

நாலு மணிக்கு அவள் தன் பள்ளியின் வரலாற்று ஆசிரியர் அந்தோணி சாருக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, என்னிடம் நீட்டினாள். அவர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். திரையில் இருப்பதைக் கணினி வாசிக்க, காதால் கேட்டே வேலை பார்ப்பவர்.

"மவுஸ தள்ளி வைங்க சார். நீங்க வாட்ச்மேனத்தான் வீட்டுக்கு அனுப்பியிருக்கீங்க, அவன் போட்ட பூட்டு அப்படியே கெடக்குது. அதுக்குப் பேரு ப்ராக்ஸி. விண்டோஸ் பட்டனத் தட்டி, ப்ராக்ஸின்னு டைப் பண்ணி என்டர் தட்டுங்க. இப்ப டேப் மூணு தடவ."

தட்டினேன்.

"நாலு தட்டிட்டீங்க சார். ஷிஃப்ட அமுக்கிக்கிட்டு டேப் தட்டி ஒண்ணு பின்னாடி வாங்க."

போனில் கேட்ட சத்தத்தை எண்ணியிருக்கிறார்!

"இப்ப ஸ்பேஸ் தட்டி அத ஆஃப் பண்ணுங்க."

பக்கம் திறந்தது. ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பத்து வருடமாக நான் வெறித்துக்கொண்டிருந்த திரையை, அன்றுதான் ஒருவர் எனக்குக் காட்டினார்.

"அந்த மனுஷனுக்கு என்னா பொறுமை!" என்றேன்.

"நீங்க முழிச்ச முழி அவுங்களுக்குத் தெரியாதுல்ல, அதான்" என்றாள் மனைவி.